மக்கும் நெகிழிக்கு நச்சுக் கரைப்பான் எதற்கு?

நெகிழிப் பையின் கேடு பற்றிப் பினாங்கு மக்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2009 ஜூலையில் 'திங்கள்கிழமை இலவசப் பை கிடையாது' என்று தொடங்கி, 2011 ஜனவரியில் அதை எல்லா நாளுக்கும் விரித்த மாநிலம் இது. வெளிநாட்டு நெகிழிக் குப்பை அடைத்த 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2020 ஜனவரியில் மலேசிய அரசு அறிவித்தபோது, பட்டர்வொர்த் முனையத்தில் தேங்கிக் கிடந்தவையும் அதில் அடக்கம். 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்த புகையைச் செபராங் பிறை தெற்கு மக்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் 'மக்கும்' என்ற ஒரு சொல் அச்சிட்ட பையைப் பார்த்தாலே நமக்கு மனம் ஆறிவிடுகிறது. சோளத்திலோ செம்பனை எண்ணெயிலோ பிறந்தது, மண்ணோடு மண்ணாகப் போவது, வேறென்ன வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் அதன் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே ஓர் ஆலை இருக்கிறது. அங்கே என்ன ஊற்றினார்கள், எவ்வளவு சூடேற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பாக்டீரியா சேர்த்து வைக்கும் நெகிழி

பினாங்கின் கெப்பாலா பத்தாஸுக்கு இந்தக் கதையில் பங்குண்டு. 1978 முதல் 2013 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அப்துல்லா அகமது படாவிதான், பிரதமராக 2005இல் தேசிய உயிர்த்தொழில்நுட்பக் கொள்கையைத் தொடங்கிவைத்தார். இங்குள்ள பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்எம்) மருத்துவ வளாகம் இருக்கிறது. பினாங்குப் பாலம் கடந்தால், மிண்டனில் உள்ள அதன் தலைமை வளாகத்தில் பேராசிரியர் கே. சுதேஷின் ஆய்வுக்கூடம் செம்பனை எண்ணெயை நெகிழியாக்கும் வித்தையில் உலகப் பெயர் பெற்றது.

அந்த வித்தையைச் செய்வது ஒரு பாக்டீரியா. 'குப்ரியாவிடஸ் நெகேட்டர்' என்று பெயர். எண்ணெயைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜன் போன்ற மற்றச் சத்துகளைக் குறைத்தால், அது மிகுதி உணவைத் தன் உடலுக்குள் சிறு மணிகளாகச் சேமித்துக்கொள்ளும். நாம் கொழுப்பைச் சேர்ப்பதைப் போல அது நெகிழியைச் சேர்க்கிறது. உலர் எடையில் 80 சதவீதம் வரைகூட நெகிழியாக இருக்கும். பிஎச்ஏ என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பை 1926இல் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் கண்டறிந்தார். மண்ணிலும் கடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் இதைத் தின்று தீர்த்துவிடும்.

சிக்கல் அந்த மணிகளை வெளியே எடுப்பதில்தான். வழக்கமான வழி, பாக்டீரியாவைக் குளோரோஃபார்மில் ஊறவைத்து நெகிழியைக் கரைத்தெடுப்பது. குளோரோஃபார்ம் கல்லீரலைக் கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயமும் அதன்மேல் உண்டு. பசுமைப் பொருளைச் செய்ய நச்சுத் திரவத்தை லிட்டர் கணக்கில் கொட்டுவது எந்த ஊர் நியாயம்?

சுதேஷ் குழு இதற்கு எதிர்பாராத விடை ஒன்றைச் சொன்னது. உலர்த்திய பாக்டீரியாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்தார்கள். எலி புரதத்தைச் செரித்துக்கொண்டது. செரிக்காத நெகிழி வெண்மையான புழுக்கையாக வெளியே வந்தது. 2013இல் இந்த ஆய்வு வெளியானது. 2016இல் எலியின் இடத்துக்கு மாவுப்புழு வந்தது. கரைப்பான் இல்லாமலும் முடியும் என்று பினாங்கு உலகுக்குக் காட்டிய பாடம் இது.

அழுத்தினால் குணம் மாறும் வாயு

இன்னொரு விடை நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவிலேயே இருக்கிறது. அதை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து, வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 73 மடங்கு அழுத்தத்தைத் தாண்டவிட்டால் அது வாயுவாகவும் இராது, திரவமாகவும் இராது. திரவத்தைப் போலப் பொருள்களைக் கரைக்கும், வாயுவைப் போல நுண்ணிய துளைக்குள்ளும் புகும். இந்த மாறுநிலைப் புள்ளியை 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கிச் சொன்னார். 31 டிகிரி என்பது நம் ஊர்ப் பகல் வெயில்தான். பெரிய உலை எதுவும் தேவையில்லை.

வேலை முடிந்து அழுத்தத்தைத் திறந்துவிட்டால் அது மீண்டும் வாயுவாகப் பிரிந்துபோகும். பொருளில் எச்சம் தங்காது. காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை மட்டும் பிரித்தெடுக்கும் ஆலைகள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கின்றன. பிஎச்ஏ இந்த வாயுவில் கரையாது. ஆனால் பாக்டீரியாவின் உறையை உடைக்க இது உதவும். 2003இல் ஈரானிய ஆய்வாளர்கள் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்திலும் 40 டிகிரி வெப்பத்திலும், சிறிதளவு மெத்தனால் மட்டும் துணைக்குச் சேர்த்து, 89 சதவீத நெகிழியை மீட்டதாக அறிவித்தார்கள்.

உருக்காமல் இளக்கலாம்

பிரித்தெடுப்பதைவிட, நெகிழிக்கு வடிவம் கொடுப்பதில்தான் இந்த வாயு தன் முழுத் திறமையைக் காட்டுகிறது. மழைக்காலத்தில் மூடாமல் வைத்த முறுக்கு நமத்துப்போவதை எண்ணிப் பாருங்கள். காற்றின் ஈரம் மாவுச்சத்து மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. அழுத்தப்பட்ட கரியமில வாயு நெகிழிக்குச் செய்வதும் அதுவே. சோளத்திலிருந்து வரும் பாலிலேக்டிக் அமிலம் சாதாரணமாக 60 டிகிரியை நெருங்கும்வரை கண்ணாடி போல விறைத்து நிற்கும். இந்த வாயு ஊறினால் அதைவிட வெகு குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும்.

இதன் பயன் சிறிதல்ல. மக்கும் நெகிழிகள் பல சூட்டுக்கு அஞ்சுபவை. பிஎச்ஏ வகையில் எளியதான பிஎச்பி ஏறத்தாழ 175 டிகிரியில் உருகும். இன்னும் கொஞ்சம் சூடேறினால் அதன் மூலக்கூறுச் சங்கிலியே அறுந்துபோகும். வெப்பத்தைக் குறைத்து வேலை வாங்கினால் மின்சாரமும் மிச்சம், சரக்கும் கெடாது.

1996இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் மூனியின் குழு, மக்கும் நெகிழி வில்லைகளை அறை வெப்பநிலையிலேயே இந்த வாயுவில் 72 மணி நேரம் ஊறவைத்துச் சட்டென அழுத்தத்தைக் குறைத்தது. கரைந்திருந்த வாயு குமிழிகளாக வெடித்துக் கிளம்ப, வில்லை பஞ்சாக உப்பியது. 93 சதவீதம் வரை வெற்றிடம். உடல் செல்கள் பற்றி வளர்வதற்கான சாரம் அது, ஒரு சொட்டுக் கரைப்பான் இல்லாமல். 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டீவன் ஹவுடில் குழுவினர், சூடும் கரைப்பானும் பட்டால் செயலிழந்துபோகும் நொதிகளை இதே வாயுவைக் கொண்டு மக்கும் நெகிழிக்குள் கலந்து, அவற்றின் செயல்திறன் கெடாமல் காத்தார்கள். மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் ஊசிகளுக்கு இது வழிகாட்டியது.

பாசார் மாலாமில் தாபாவ் கட்டும் நுரைப் பெட்டிக்கும் இதே நுட்பம் பொருந்தும். பாலிஸ்டைரினை உப்பவைக்க எளிதில் தீப்பற்றும் பெண்டேன் பயன்படுகிறது. கரியமில வாயுவோ எரிவதில்லை, தீயை அணைக்கக்கூடியது.

கணக்குப் பார்க்க வேண்டியவை

கரியமில வாயு புவியைச் சூடாக்குமே என்று கேட்கலாம். இந்த ஆலைகள் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. உர ஆலை, மதுவடிப்பாலை போன்றவற்றின் உபவிளைவாகக் கிடைப்பதை வாங்கிச் சுழற்சியில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆனால் நூறு, இருநூறு மடங்கு அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன்கள் விலை கூடியவை. அழுத்தவும் மின்சாரம் வேண்டும். மருத்துவப் பொருளுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும், பத்து காசுப் பைக்கு ஆகாது. 'மக்கும்' என்ற சொல்லிலும் வேறுபாடு உண்டு. பாலிலேக்டிக் அமிலம் சுமார் 58 டிகிரி வெப்பம் காக்கும் உர ஆலையில்தான் விரைந்து மக்கும். கால்வாயில் எறிந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இத்தனைக்கும் நம்மிடம் வாய்ப்பு குறைவில்லை. நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட செம்பனை ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவுநீரிலிருந்து கிளம்பும் எரிவாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரியமில வாயுதான். மருத்துவமனைக் கழிவைக் கிருமிநீக்கம் செய்யவும், செம்பனைப் பருப்பெண்ணெய் எடுக்கவும் இதே அழுத்த நுட்பத்தை யூஎஸ்எம் ஆய்வாளர்கள் ஏற்கெனவே கையாண்டு கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நெகிழி தரும் பாக்டீரியாவும் அழுத்த நுட்பமும் ஒரே பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளன. இரண்டையும் இணைத்து மருத்துவப் பொருள்களில் தொடங்குவதே மலேசியாவுக்கு ஏற்ற வழி. வாங்கும் நாமும் அடுத்த முறை 'மக்கும்' என்ற முத்திரையைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேட்போம். எங்கே மக்கும்? எதை ஊற்றிச் செய்தீர்கள்?