உயரம் வேறு, நெருக்கம் வேறு

சென்னைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், நிலமோ கூடப்போவதில்லை, ஆகவே மேலே மேலே கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் முப்பது மாடி, நாற்பது மாடி என்று குடியிருப்புகள் எழும்போதெல்லாம் சொல்லப்படும் நியாயம் இது. முதல் இரண்டு கூற்றுகளும் உண்மை. ஆனால் மூன்றாவது அவற்றிலிருந்து பிறக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னையின் சுமார் 175 சதுர கிலோமீட்டரில் 46 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். ஐரோப்பாவின் மிக நெருக்கமான பெருநகரங்களில் ஒன்றான பாரிஸில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 20,000. இத்தனைக்கும் சென்னையின் திருவல்லிக்கேணியும் வண்ணாரப்பேட்டையும் மயிலாப்பூரும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு தளங்களுக்குள் அடங்கியவை. பாரிஸின் பெரும்பகுதி ஆறேழு தளங்கள்தான். 210 மீட்டர் உயர மோன்பர்னாஸ் கோபுரம் 1973-இல் திறக்கப்பட்டதும், அதைக் கண்டு முகம் சுளித்த அந்நகரம் 1977-இல் கட்டட உயரத்துக்கு 37 மீட்டர் என்று வரம்பே விதித்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சென்னையின் நெருக்கம், ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பதால் வந்த நெருக்கம். பாரிஸ்காரருக்குக் கிடைக்கும் தளப்பரப்பு நம்மவருக்குக் கிடைப்பதில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இந்த நகருக்கு இன்னும் ஏராளமான சதுர அடி வேண்டும். ஆனால் வேண்டிய சதுர அடிக்கும் அதைப் பெற எழுப்பும் உயரத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போன்றதல்ல. எவ்வளவு கட்டலாம் என்பதை முடிவுசெய்வது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்பு விகிதம். எத்தனை மாடி என்பதல்ல. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு 2 என்றும், 18 மீட்டர் அகலச் சாலையில் அமையும் உயரமான கட்டடத்துக்கு 3.25 என்றும் அந்த விகிதத்தை வைத்தன. 18.3 மீட்டரைத் தாண்டினாலே ஒரு கட்டடம் 'உயரமான கட்டடம்' ஆகிவிடும்.

பக்கத்துக்கு 100 மீட்டர் கொண்ட சதுர மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3.25 விகிதத்தில் 32,500 சதுர மீட்டர் கட்டலாம். 25 மாடிக் கோபுரமாகக் கட்டினால் ஒரு தளத்துக்கு 1,300 சதுர மீட்டர் போதும். நடுவில் 36 மீட்டர் சதுரமாக அது நிற்கும். இதையே நான்கு பக்கமும் 7 மீட்டர் இடம் விட்டு, 15 மீட்டர் அகலமுள்ள வளையமாக, நடுவில் முற்றம் வைத்துக் கட்டினால் என்ன ஆகும்? வளையத்தின் பரப்பு 4,260 சதுர மீட்டர். எட்டே மாடியில் அதே 32,500 முடிந்துவிடுகிறது! பொதுவெளிக்கு விட வேண்டிய பத்து சதவீதத்தைக் கழித்தால் ஒரு மாடி கூடலாம், அவ்வளவுதான். நடுவில் கிடைப்பது 56 மீட்டர் நீள அகலமுள்ள வானம் பார்த்த முற்றம். 15 மீட்டர் அகலம் என்பதால் வீடுகளை இருபுறமும் ஜன்னல் வைத்துக் கட்டலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். சென்னை வெயிலில் இது சின்ன விஷயமில்லை.

இந்தக் கணக்கில் மந்திரம் ஏதும் இல்லை. ஒரு சதுரத்தின் ஓரத்தில்தான் பரப்பு அதிகம்; மெல்லிய விளிம்பே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960-களில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் மையப் பகுதியின் தளப்பரப்பு முழுவதையும் முற்றம் வைத்த கட்டடங்களாக மாற்றியடுக்கினால், சராசரி உயரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று காட்டினார்கள். கட்டட ஆய்வுலகம் நன்கு அறிந்த இந்த முடிவு நம் நகரத் திட்டமிடலில் பேசப்படாமலேயே இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

உயரத்துக்கு விலையும் உண்டு. கட்டடத்தின் மேல் மோதும் காற்று அதன் அடித்தளத்தில் உண்டாக்கும் வளைப்பு விசை, உயரம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். மேலே போகப்போகக் காற்றின் வேகமும் கூடுவதால் அதற்கும் மேல். இந்தியத் தர விதி சென்னைக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். டாக்காவில் படித்து, சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்த ஃபஸ்லூர் கான், உயரம் கூடக்கூட இரும்பும் கான்கிரீட்டும் விகிதத்தை மீறிக் கூடுவதைத்தான் உயரத்தின் உபரிச் செலவு என்றார். அவர் கண்ட குழாய்வடிவக் கட்டமைப்பு அந்தச் செலவைக் குறைத்தது, ஒழித்துவிடவில்லை. குடிவந்த பிறகும் செலவு நிற்பதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, இருபது மாடிக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்கள் ஆறு மாடிக்கு உட்பட்டவற்றைவிடச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு மின்சாரம் செலவழிக்கின்றன. அது குளிர்நாடு, அதுவும் அலுவலகங்கள். எண்ணை அப்படியே சென்னை வீடுகளுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அக்கம்பக்கத்து நிழல் எட்டாத உயரத்தில் சுவரும் கண்ணாடியும் வெயிலில் நிற்கும்போது ஏ.சி.யின் வேலை இங்கே கூடுமே தவிரக் குறையாது.

கோபுரம் கட்டினால் தரையில் இடம் மிச்சமாகுமே, மழைநீர் இறங்குமே என்பார்கள். காகிதத்தில் மிச்சமாகிறது. நிலத்தில் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தால் கீழே இரண்டு அடுக்குக் கார் நிறுத்தம். மேலே தெரியும் புல்வெளி, கான்கிரீட் கூரைமேல் பரப்பிய சில அடி மண். அதில் விழும் மழை வடிகாலுக்குப் போகுமே தவிர ஊற்றுக்குப் போகாது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலையின் குடியிருப்புகள் தண்ணீர் லாரிகளை நம்பித்தான் நாளைக் கடத்தின. முற்ற வடிவமும் இதைத் தானாகத் தீர்த்துவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். முற்றத்தின் அடியிலும் கார் நிறுத்தம் தோண்டினால் கதை அதேதான்.

அப்படியானால் ஹாங்காங்? அங்கே மலையும் கடலும் நெருக்குகின்றன. மொத்த நிலத்தில் கால் பங்குதான் கட்டடம் கண்டது, சுமார் 40 சதவீதம் காட்டுப் பூங்காக்கள். கோபுரங்களின் காலடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலும் மெட்ரோ நிலையத்தை ஒட்டி அப்படிக் கட்டினால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் சமதளமான நம் ஊரில், மெட்ரோ வருவதற்கு வெகு முன்பே, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் சரிவர எட்டாத இடங்களில் மாடிகள் எழுந்துவிட்டன. கட்டுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல்மாடி வீட்டுக்கு விலை அதிகம். விதியும் உயரத்துக்கே கூடுதல் விகிதத்தைப் பரிசாகத் தருகிறது. மாற வேண்டியது அந்தப் பரிசுதான். எட்டு மாடிக்குள் முற்றம் வைத்து, அடியில் எதுவும் தோண்டாத மண்ணைக் குறிப்பிட்ட அளவு விடுகிறவருக்கு 3.25 கிடைக்கட்டும், அதற்கு மேலான உயரம் ரயிலும் குழாயும் வந்து சேர்ந்த இடத்துக்கு மட்டும் அனுமதிக்கப்படட்டும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2027 முதல் 2046 வரைக்கென வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இந்த ஒரு திருத்தம் இடம்பெற வேண்டும்.