உறை ஊற்றிய டவுன்டவுன்

பால், இளஞ்சூடு, ஒரு கரண்டி உறைமோர், அசைக்காமல் விட்டுவைக்கும் பொறுமை. தயிருக்கு இவ்வளவுதான். லாஸ் ஏஞ்சல்ஸின் பழைய டவுன்டவுன் மீண்டதும் இதே வரிசையில்தான்.

பால் அங்கே ஏற்கெனவே இருந்தது. ஸ்பிரிங் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் ‘மேற்கின் வால் ஸ்ட்ரீட்’. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் புறநகர்களுக்குப் போனார்கள்; வங்கிகளும் அலுவலகங்களும் பங்கர் ஹில் பக்கம் எழுந்த புதுக் கோபுரங்களுக்கு மாறின. அடுத்த தெருவான பிராட்வே செத்துவிட்டது என்பார்கள். அது சரியல்ல. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் சாமான் வாங்க வந்து அதன் கடைகளை உயிரோடு வைத்திருந்தன. பூட்டிக்கிடந்தவை மாடிகள்தாம்.

அந்த மாடிகளை வீடாக்க ஏன் யாரும் முன்வரவில்லை? பால் சில்லிட்டுக் கிடந்தது. அன்று அலுவலகத்தை வீடாக மாற்றினால் புதுக் கட்டடத்துக்குரிய விதிகள் வந்து நிற்கும். வீடுகளுக்கு ஏற்ப பார்க்கிங் வேண்டும். 1920களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய கட்டடத்தில் அதற்கு இடமேது? சில்லிட்ட பாலில் எவ்வளவு மோர் ஊற்றினாலும் உறையாது.

1999-இல் நகரசபை ஒரு சட்டம் போட்டது. 1974 ஜூலைக்கு முன் கட்டிய வணிகக் கட்டடங்களை வீடாக்கினால் கூடுதல் பார்க்கிங் தேவையில்லை என்றது அது. இத்தனை வீடுதான் என்ற வரம்பும் தளர்ந்தது. தீ, நிலநடுக்கப் பாதுகாப்பில் மட்டும் சலுகை தரவில்லை. கோடிகளைக் கொட்டாமல் விதியைத் திருத்தியே கொடுத்த இளஞ்சூடு இது. ஊரை மீட்கப் பிரம்மாண்டத் திட்டம்தான் வேண்டும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உறைமோர், டாம் கில்மோர் என்ற கட்டட முதலீட்டாளர் நாலாம் தெரு–மெயின் ஸ்ட்ரீட் சந்திப்பை ஒட்டி வாடகை வீடுகளாக்கிய மூன்று பழைய கட்டடங்கள். அவற்றில் ஒன்று 1900களின் தொடக்கத்தில் எழுந்த கான்டினென்டல் பில்டிங். 2000-இல் ஆட்கள் குடியேறினார்கள். அலுவலக ஊழியர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். குடியிருப்பவர் இரவு எட்டு மணிக்கு நாயோடு நடப்பார், பால் பாக்கெட் தேடுவார். அந்தத் தேடல்தான் கடையைக் கொண்டுவருகிறது. அதுவும் உடனே வராது. ரால்ஃப்ஸ் சூப்பர் மார்க்கெட் டவுன்டவுனில் திறந்தது 2007-இல், சட்டம் வந்து எட்டு ஆண்டு கழித்து. அந்தச் சட்டத்தால் உருவான வீடுகள் 12,000-ஐத் தாண்டின.

உறைந்ததை அப்படியே விட்டால் புளிக்கும். மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் கிழக்கே ஸ்கிட் ரோ. நூற்றுக்கணக்கானோர் நடைபாதைக் கூடாரங்களில் வாழும் இடம். மலிவான பழைய ஹோட்டல் அறைகள்தாம் ஏழைகளுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த கடைசிச் சுவர். வாடகை ஏற ஏற அவற்றின் மேலும் கண் விழுந்தது. அத்தகைய அறைகளை இடித்தாலோ மாற்றினாலோ ஈடு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2008-இல்தான் வந்தது. 1999-இன் சலுகையோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டிய விதி அது.