ரிட்லியின் நாடகமும் ரிட்லியின் வேடமும்

ஆங்கில நடிகரும் நாடகாசிரியருமான ஆர்னால்ட் ரிட்லி ஒருமுறை மேங்கட்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்காக நெடுநேரம் காத்துக் கிடந்தார். அந்தக் காத்திருப்பில் முளைத்ததுதான் ‘தி கோஸ்ட் டிரெயின்’ என்ற திகில் நாடகம். 1925-இல் மேடையேறி, லண்டனில் அறுநூறு காட்சிகளைத் தாண்டி ஓடியது. பிறகு பல பத்தாண்டுகள் பிரிட்டனின் அமெச்சூர் நாடகக் குழுக்களுக்குக் கைகொடுத்த நாடகம் அது. ஒரே செட் போதும். பார்வையாளர்கள் கண்ணில் ரயிலைக் காட்ட வேண்டியதில்லை. மேடைக்குப் பின்னால் டிரம்மும் தகரமும் உருளையும் வைத்துக்கொண்டு நாலு பேர் நின்றால் ரயில் வந்துவிடும். ரிட்லியோ பணமுடையில் அமெச்சூர் உரிமையை முன்பே விற்றிருந்தார். ஊர் ஊராக நாடகம் நடந்தும் அந்த வருமானம் அவர் கைக்கு வரவில்லை.

அதே ரிட்லி 1968-இல், தமது 72-ஆம் வயதில், பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரில் காட்ஃப்ரே என்ற சாதுவான கிழவராக வந்து நாட்டுக்கே வேண்டியவரானார். இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவலுக்குச் சேர்ந்த வயசாளிகளின் கதை அது. இன்று அமெச்சூர் குழுக்கள் நடிக்கும் கிராம மண்டபங்களில் ரிட்லியின் நாடகத்தைவிட ரிட்லியின் வேடத்துக்குத்தான் கிராக்கி என்று சொல்லலாம்.

‘தி கோஸ்ட் டிரெயின்’ ஓடிய காலத்து அமெச்சூர் மேடையில் அகதா கிறிஸ்டி, பிரீஸ்ட்லி, நோயல் கவர்ட், கதவு திறந்து கதவு மூடும் கேலிக்கூத்து நாடகங்கள் ஆகியவைதான் நடந்தன. சாமுவேல் ஃபிரெஞ்ச் பதிப்பகத்தின் மெல்லிய புத்தகத்தை வாங்கினால் வசனத்தோடு மேடைப் படமும் பொருள் பட்டியலும் கிடைக்கும். புது நாடகமென்றால் 1968 வரை லார்ட் சேம்பர்லின் அலுவலகத்தின் தணிக்கையைத் தாண்டியாக வேண்டும். வந்து உட்காரும் ஊர்க்காரர்களில் பலருக்குக் கதை தெரியாது. கொலைகாரன் யார் என்று இடைவேளைத் தேநீரோடு வாதாடுவார்கள்.

தொலைக்காட்சி வந்து இந்தக் கூட்டத்தை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதன் நகைச்சுவைத் தொடர்கள் மேடையின் வயிற்றில் பிறந்தவை. ‘டாட்ஸ் ஆர்மி’யை எழுதிய ஜிம்மி பெர்ரி, வாட்ஃபோர்டு அரண்மனை அரங்கில் நாடகக் குழு நடத்தியவர், இளவயதில் ஊர்க்காவல் படையில் இருந்தவரும்கூட. ஸ்டுடியோவில் மூன்று சுவர் செட் போட்டு, நாலாவது சுவர் இருக்கவேண்டிய பக்கத்தில் நிஜ ஜனங்களை உட்காரவைத்தார்கள். அவர்கள் சிரித்து ஓயும்வரை நிறுத்தி நடிகர் வசனம் பேசினார். அப்படிப்பட்ட தொடர் மேடைக்குத் திரும்பியதில் வியப்பில்லை. 1975-இல் ‘டாட்ஸ் ஆர்மி’ லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் ஏறியது. 1986-இல் ‘அலோ அலோ’ தொடரும் மேடைக்கு வந்தது. அமெச்சூர் குழுக்களும் உரிமம் வாங்கி இவற்றை நடிக்கத் தொடங்கின. ‘விக்கர் ஆஃப் டிப்ளி’ தொடரை இயன் கோவரும் பால் கார்பென்டரும் மேடைக்கென்றே எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தத் தொடர்களில் ஊர்க்குழுவுக்குத் தோதான ஓர் அம்சம் உண்டு: வயசாளிகளின் வேடங்கள். எந்த ஊர்க்குழுவிலும் காதலனாக நடிக்க இளைஞன் கிடைப்பது கஷ்டம். ஓய்வுபெற்ற பெரியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தொலைக்காட்சி ‘டாட்ஸ் ஆர்மி’யில் கிழட்டு ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன்னுக்கு அப்போது 48 வயது. ஒப்பனை போட்டுத்தான் கிழவரானார். கிராம மேடையில் அந்த வேடம் நிஜமாகவே எழுபதைத் தாண்டியவருக்குப் போகலாம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது சிரிப்போடு ஒரு வாஞ்சையும் சேர்ந்து வருகிறது. சின்னத்திரை தராத ஒன்று இது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஃபால்டி டவர்ஸ்’ மொத்தமே 12 பகுதிகள்; 1975-இலும் 1979-இலும் வந்தவை. மறு ஒளிபரப்பு, வீடியோ, டிவிடி என்று பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு வசனம் மனப்பாடம். ஜான் கிளீஸ் நடித்த விடுதிக்காரர் பேசில் தன் காரை மரக்கிளையால் அடிக்கும் காட்சிக்கு மேடையில் காருக்கு எங்கே போவது? கிளீஸின் நீளக் கால்களுக்கு எங்கே போவது? குரலையும் நடையையும் அப்படியே காப்பியடிக்கும் நடிகர் முதல் பத்து நிமிடம் கைதட்டல் வாங்குவார், பிறகு களைத்துப்போவார். பேசிலின் பயத்தை, விருந்தாளி முன் மானம் போய்விடுமோ என்ற அந்தத் தவிப்பைப் பிடித்துக்கொண்டவர் கடைசிவரை தாங்குவார். காப்பியடிப்பதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். வசனத்தை நம்பி, அதைப் புதிதாகப் படிப்பது போலப் படிக்கவேண்டும்.

‘பிளாக்ஆடர் கோஸ் ஃபோர்த்’ என்ற போர்க்கள நகைச்சுவைத் தொடர் இதற்கு நல்ல சோதனை. 1989-இல் வந்த அதன் கடைசிப் பகுதியில் வீரர்கள் பதுங்குகுழியை விட்டு ஏறிப் பாய்கிறார்கள். படம் மெதுவாகி, பாப்பிப் பூ வயலாகக் கரைகிறது. அது முழுக்க எடிட்டிங் மேசையில் உருவானது. மேடையில் அந்த வசதி கிடையாது. கையில் இருப்பது விளக்கும் புகையும் விசில் சத்தமும் மட்டுமே. ரயிலைக் காட்டாமல் ரயிலை வரவழைத்த பழைய தலைமுறையின் சாமர்த்தியம் இங்கே மறுபடி தேவைப்படுகிறது.

ஒரு கவலையும் சொல்லியாக வேண்டும். பெயர் தெரிந்த தொடரென்றால் டிக்கெட் விற்கும். மண்டபத்தின் ஒழுகும் கூரைக்குப் பணம் சேரும். அந்த நிம்மதி பழகிவிட்டால், யாருக்கும் தெரியாத புது நாடகத்துக்கு ஆண்டில் ஒரு வாரம்கூட மிஞ்சாது. 1925-இல் ரிட்லியின் நாடகமும் அப்படிப்பட்ட ஒரு புது நாடகம்தானே? தெரிந்ததை நடித்து வரும் பணத்தில் தெரியாததையும் நடிக்கும் குழுவே எனக்குப் பிடித்த குழு.

‘டாட்ஸ் ஆர்மி’யிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1969-இல் ஒளிபரப்பான இரண்டாம் தொகுதியில் மூன்று பகுதிகளின் படப்பதிவு இன்று இல்லை. அந்தக் காலத்தில் ஒளிபரப்பான நாடாக்களை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவது வழக்கம். எழுத்துப் பிரதிகள் தங்கின. 2019-இல் வேறு நடிகர்களை வைத்து அவற்றை மறுபடி எடுத்தார்கள். பழைய நடிகர்களின் சாயல் இங்கே குறுக்கே நிற்காது. இந்தப் பிரதிகளைக் கையில் எடுக்கும் ஊர்க்குழுவின் காட்ஃப்ரே, ரிட்லி அந்த வரியை எப்படிச் சொன்னார் என்று படம் போட்டுப் பார்க்க முடியாது. ஒத்திகையில் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.