எச்ஐவி உள்ளவர்களுக்கு டிபி தடுப்பு மாத்திரை: டாக்டர்களே தயங்குவது ஏன்?

எச்ஐவியோடு வாழ்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான். அதைத் தடுக்க மாத்திரை இருக்கு. அரசு ஏஆர்டி மையங்களில் இலவசமும்கூட. ஆனாலும் அதை எழுதித் தர சில டாக்டர்கள் யோசிக்கிறார்கள். என்ன காரணம்?

அது என்ன மாத்திரை?

டிபி கிருமி பலரது உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தால் விழித்துக்கொள்ளும். எச்ஐவி இருந்தால் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். இதற்காகத் தருவதுதான் ஐசோனியாசிட். தினமும் 300 மில்லிகிராம், 6 மாதம். நரம்பு பாதிக்காமல் இருக்க வைட்டமின் பி6-ம் சேர்த்துத் தருவார்கள். 1998-லேயே உலக சுகாதார அமைப்பு இதைப் பரிந்துரைத்துவிட்டது.

'கிருமி மருந்துக்குப் பழகிடுமே?'

டாக்டர்களின் பெரிய பயம் இதுதான். அதில் நியாயமும் இருக்கு. நோய் வந்தவருக்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் கிருமி அதை வென்றுவிடும். அதனால்தான் சிகிச்சையை 4 மருந்துகளோடு தொடங்குகிறார்கள். மருத்துவக் கல்லூரியில் படித்த இந்தப் பாடம் லேசில் மறக்காது.

ஆனால் தூங்கும் நிலையில் கிருமிகள் மிகக் குறைவு. ஒரு மருந்தே போதும். நோய் ஏற்கனவே வந்துவிட்டதா என்று பார்க்க 4 கேள்விகள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. நான்கும் இல்லையென்றால், மற்ற தடைகள் இல்லாதபட்சத்தில் மாத்திரை தரலாம். இப்படிப் பார்த்துக் கொடுத்த ஆய்வுகளில் மருந்து எதிர்ப்பு கூடியதாகத் தெளிவான ஆதாரம் இல்லை.

கல்லீரல் பயம் நிஜமானது. மது குடிப்பவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகணும்.

ஏஆர்டி மட்டும் போதாதா?

'ஏற்கனவே இத்தனை மாத்திரை, இதுல இன்னொண்ணா?' என்று டாக்டரும் நினைக்கிறார், நோயாளியும் நினைக்கிறார். ஐவரி கோஸ்ட் நாட்டில் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஐசோனியாசிட் எடுத்தவர்களிடம் இறப்பு 37 சதவீதம் குறைவு. ஏஆர்டியைச் சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் பலன் இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வராமல் போன டிபி யார் கண்ணுக்கும் தெரியாது. பக்க விளைவு வந்தால் மட்டும் பழி எழுதிக் கொடுத்தவர் மேல்தான். தயக்கத்தின் பாதி இதிலேயே இருக்குன்னு தோணுது.

வாரம் ஒருமுறை என 12 வாரத்தில் முடியும் ரிஃபாபென்டின் கூட்டு மருந்தும் இப்போது இருக்கிறது. அடுத்த முறை ஏஆர்டி மையம் போகும்போது, 'எனக்கு டிபி தடுப்பு மாத்திரை உண்டா?' என்று நீங்களே கேட்கலாம். இருமலோ காய்ச்சலோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மாத்திரை.