தொங்கும் எடை, ஊரும் பிளாஸ்டிக்

2006 ஜூலை 10, இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சுரங்கச் சாலையின் கூரையிலிருந்து சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகளும் இரும்புச் சட்டங்களும் அந்த வழியே போன காரின் மேல் விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்துபோனார். சாலை திறந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை.

போல்ட் எதுவும் முறியவில்லை. போல்ட்டுகளைக் கூரையில் பிடித்துவைத்திருந்த எபாக்சி பசைதான் கைவிட்டது. சீக்கிரம் இறுகும் வகைப் பசை அது. பொருத்தியபோது இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஆனால் அந்தச் சோதனை சிறிது நேரம்தான். பலகைகளோ இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் தொங்கின. பசை மெல்ல மெல்ல இளகி நீண்டது.

இதைப் பொறியாளர்கள் 'க்ரீப்' என்பார்கள். ஊர்தல் என்றால் தமிழில் பொருந்தும். விறைப்பாகக் கட்டிய நைலான் கொடிக்கயிறு சில மாதத்தில் தொய்வதும் இதே கதைதான். எஃகு கண்ணுக்குத் தெரிய ஊர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அறை வெப்பமே போதும். இடியாப்பச் சிக்கல்போல் கிடக்கும் அதன் நீண்ட மூலக்கூறுகள், விடாமல் இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்.

இந்த ஊர்தலை அளக்கும் கருவி பார்க்க எளிமையானது. இரு முனையும் அகன்று இடை மெலிந்த பிளாஸ்டிக் துண்டு. மேலே ஒரு பிடி, கீழே எடை. எடையைக் குலுங்காமல் ஏற்ற வேண்டும். முதல் அளவு 1 நிமிடத்தில், பிறகு 6, 12, 30 நிமிடம், அப்புறம் மணிக்கணக்கு, 1,000 மணி நேரம் வரை. அது கிட்டத்தட்ட 42 நாள்.

சிரமமெல்லாம் கருவியைச் சுற்றியிருக்கும் காற்றில்தான். வெப்பம் 23 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். இதிலிருந்து அதிகம் விலகக் கூடாது. நைலான் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், இளகவும் செய்யும். முப்பதாம் நாள் ஏசி நின்றுபோனால், துண்டு நீண்டது எடையாலா, சூட்டாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மாத உழைப்பு வீண்.

தண்ணீர்க் குழாய்க்கு 42 நாளும் போதாது. 'பிஇ 100' என்று அச்சிட்ட பாலிஎத்திலீன் குழாயின் சுவர், 20 டிகிரி வெப்பத்தில் 10 மெகாபாஸ்கல் தகைவை 50 ஆண்டு தாங்க வேண்டும். அதற்காக 50 ஆண்டு காத்திருக்க முடியுமா? குழாய்த் துண்டுகளில் அழுத்தம் ஏற்றி, சிலவற்றை 20 டிகிரியிலும் சிலவற்றை 80 டிகிரி வெந்நீரிலும் மூழ்கவைக்கிறார்கள். சூட்டில் எல்லாம் விரைவாக நடக்கும். அப்படியும், சில துண்டுகள் ஓராண்டு தாண்டியும் வெடிக்காமல் தொட்டியிலேயே கிடக்கும்.