மோட் சிப் பொருத்திய பிளேஸ்டேஷன்
வீடியோ கேம் கருவி. சோனி, ஜப்பான். முதல் விற்பனை: 3 டிசம்பர் 1994

மூடி திறந்திருக்கும் இக்கருவியின் சர்க்யூட் போர்டில், மெல்லிய கம்பிகளால் பற்றவைத்த எட்டுக் கால் சிப் ஒன்றைக் காணலாம். இது தொழிற்சாலையில் வைத்தது அல்ல. விற்பனைக்குப் பின் சேர்க்கப்பட்டது.

அசல் வட்டின் உள்விளிம்பில் தடம் சீராக ஓடாமல் மிக நுண்ணியதாக நெளியும். அந்த நெளிவில் நான்கு ஆங்கில எழுத்துகள் பதிந்துள்ளன. கடைசி எழுத்து ஜப்பானுக்கு ஐ, அமெரிக்காவுக்கு ஏ, ஐரோப்பாவுக்கு ஈ. கருவி அதைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் விளையாட்டு தொடங்கும். வீட்டில் இருந்த சிடி ரைட்டர் விளையாட்டுத் தரவை நகலெடுத்தது. நெளிவை எழுத அதனால் முடியவில்லை. வட்டு தராத அந்த எழுத்துகளை இந்த சிப் தானே அனுப்பிவிடும். நகல் வட்டுகள் ஓடின. வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டுகளும் ஓடின. வட்டின் கறுப்பு நிறம்தான் பூட்டு என்று பலர் நம்பினார்கள். நிறத்துக்கும் பூட்டுக்கும் தொடர்பே இல்லை.

இத்தகைய சிப், அன்றைய பதிப்புரிமைச் சட்டம் தடைசெய்த கருவிகளுள் அடங்காது என ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. பின்னர் அங்கே சட்டமே திருத்தப்பட்டது.

இணையத்தில் பகிரப்படும் வட்டுப் பிரதிகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்களுக்குப் பொதுவாக நெளிவு தேவையில்லை. விளையாட்டுகளின் பதிப்புரிமை மட்டும் அப்படியே நீடிக்கிறது. பிற்கால ஐரோப்பிய வட்டுகள் சிலவற்றில் கூடுதல் பூட்டு உண்டு. அவற்றின் பிரதிகளை எமுலேட்டரில் ஓட்டத் தனியே ஒரு துணைக்கோப்பு வேண்டும்.