மடியாத மலை

இமயமலையில் பாறை அடுக்குகள் செங்குத்தாக நிற்கும். சில இடங்களில் வளைந்து தலைகீழாகக் கவிழ்ந்தும் கிடக்கும். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதிய நெருக்கத்தில் கடலடிப் படிவுகள் மடிந்தன. ஆழத்தில் சிக்கியவை வெப்பத்திலும் அழுத்தத்திலும், உருகாமலே, வேறு பாறைகளாக உருமாறின. களிமண் ஸ்லேட்டானது, ஸ்லேட் மைக்கா மின்னும் ஷிஸ்ட்டானது, இன்னும் வெந்தது வரிவரியான நைஸ் ஆனது.

புனேயின் சிங்ககட் கோட்டைக்கு ஏறிப் பாருங்கள். 1,300 மீட்டர் உயரத்திலும் அடுக்குகள் படிக்கட்டு போலக் கிடைமட்டமாகவே இருக்கின்றன. கோட்டை நிற்கும் சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, நெருக்கி எழுப்பிய மலையல்ல. அரிபட்ட பீடபூமியின் விளிம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளிலிருந்து லாவா திரும்பத் திரும்ப வழிந்து, ஆறி, பசால்ட் ஆனது. ஒவ்வோர் ஓட்டத்தின் நடுப்பகுதியும் கெட்டி. மேற்பகுதி வாயுக் குமிழிகளால் துளைபட்டது. மழை மேற்பகுதியைச் சீக்கிரம் கரைத்துவிட, கெட்டிப் பகுதி செங்குத்துச் சுவராக எஞ்சுகிறது.

அதற்காக இந்தப் பாறை மாறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புனேயை ஒட்டிய வாகோலி கல் குவாரிகளில் பாறையை உடைத்தால், பழைய குமிழித் துளைகளுக்குள் வெள்ளை ஸ்டில்பைட் படிகங்களும், அவற்றின் மேல் அடர்நீல கேவன்சைட் உருண்டைகளும் தென்படும். பாறைக்குள் ஊறிய வெந்நீர் கனிமங்களைக் கரைத்துப் படியவைத்ததன் விளைவு இது. ஸ்டில்பைட் ஜியோலைட் வகையைச் சேர்ந்தது. உருமாற்றத்தின் மிகத் தாழ்ந்த நிலைக்கே ஜியோலைட் நிலை என்றுதான் பெயர்.

வளைவும் ஓரிடத்தில் உண்டு. மலையிறங்கி மும்பை நோக்கிப் போனால், பன்வேல் பக்கம் அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்கின்றன. மேற்குக் கரை பிளந்து தாழ்ந்தபோது நேர்ந்த வளைவு அது.

லாவாவுக்கு அடியில் என்ன இருக்கிறது? 1967 டிசம்பர் 11 அன்று சஹ்யாத்ரியில் உள்ள கொய்னாவை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே நடுக்கங்கள் ஓயவில்லை. காரணம் அறிய 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். சுமார் 1.2 கிலோமீட்டரில் பசால்ட் முடிந்து, கிரானைட்டும் நைஸும் வந்தன. எப்போதோ ஆழத்தில் வெந்து மடிந்த, மிகப் பழைய பாறை அது.

இதே மலைத்தொடரின் தெற்கில் நீலகிரி, 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறிய சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. அங்கே மேலிருந்த பாரமெல்லாம் அரித்துப் போய்விட்டது. சஹ்யாத்ரியிலும் மழை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பெல்காமைத் தாண்டித் தெற்கே போனால், லாவாப் போர்வை முடிந்து பழைய பாறை வெளியே தெரியத் தொடங்கிவிடுகிறது.